காபிக் கோப்பை என்னும் அனுமதிச் சீட்டு

2021 டிசம்பர் கடைசி வாரம். ஒமிக்ரான் வந்துவிட்டது என்று எல்லா சேனல்களும் அலறிக்கொண்டிருந்த நேரம். விடியற்காலை விமானத்துக்காக ஒரு விமான நிலையத்து லவுஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். அன்று எந்த ஊர் லவுஞ்சுக்குப் போயிருந்தாலும் இதே காட்சிதான் கிடைத்திருக்கும். வாசலில் வங்கி அட்டையைக் கையில் பிடித்தபடி பதினைந்து இருபது பேர். உள்ளே தோசைக் கல்லுக்கு முன்னால் இன்னொரு வரிசை. "முகக்கவசம் அணிவது கட்டாயம், சமூக இடைவெளியைக் கடைப்பிடியுங்கள்" என்று ஒலிபெருக்கி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓதிக்கொண்டிருந்தது. இடைவெளி விடுவதற்காக நாற்காலிகளில் ஒட்டிய பெருக்கல் குறி ஸ்டிக்கர்கள் பாதி உரிந்திருந்தன. ஸ்டிக்கர் உரியாத நாற்காலிகளிலும் ஆட்கள் இருந்தார்கள்.

எனக்கு எதிரே இருந்தவர் மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு, போனில் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். தட்டு எடுக்க வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். கொஞ்சம் தயங்கி நின்று, "சார், மாஸ்க் போட்டுக்கங்க சார்" என்றார். அவர் பேச்சை நிறுத்தவில்லை. மேசையில் இருந்த காபிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினார், அவ்வளவுதான். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். நான் எட்டிப் பார்த்தேன். கோப்பையின் அடியில் காய்ந்த நுரை மட்டும் இருந்தது.

அந்தக் காலிக் கோப்பையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெருந்தொற்றுக் காலத்தில் விமான நிலைய லவுஞ்சுகளில் ஏன் அப்படிக் கூட்டம் சேர்ந்தது, மாஸ்க் விதி மற்ற இடங்களைவிட அங்கே ஏன் சீக்கிரம் தோற்றது, அதை அமல்படுத்தும் வேலை யார் தலையில் விழுந்தது என்பதைப் பார்ப்போம்.

கூட்டம் வாசலில் பிறப்பதில்லை

லவுஞ்ச் என்பது முதலில் பெரிய மனிதர்களுக்கான அறை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1939-இல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் திறந்த 'அட்மிரல்ஸ் கிளப்'தான் இந்த வகையில் முதலாவது. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு முதல் வகுப்பு, பிசினஸ் வகுப்பு, அடிக்கடி பறப்பவர் என்று ஒரு சின்னக் கூட்டம்தான் அந்தக் கதவைத் தாண்டியது. பிறகு கதவின் சாவி வங்கிகளின் கைக்குப் போனது. அந்த நாட்களில் நம் ஊரில் ஓரளவு நல்ல டெபிட் அட்டை இருந்தாலே போதும் என்றிருந்தது, அட்டையைத் தேய்த்தால் 2 ரூபாய் கழிந்தது, உள்ளே இட்லி, பொங்கல், காபி எல்லாம் இலவசம். இலவசம் என்பது நமக்கு. லவுஞ்ச் நடத்துகிறவருக்கு ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று வங்கியோ அட்டை நிறுவனமோ பின்னால் கட்டிவிடும். அதனால் நடத்துகிறவரைப் பொறுத்தவரை உள்ளே வருகிற ஒவ்வொரு தலையும் வருமானம். கூட்டத்தைக் குறைப்பது அவருடைய வியாபாரத்துக்கு எதிரான வேலை. இது மனதில் இருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.

கூட்டம் என்றதும் நாம் வாசலைத்தான் பார்க்கிறோம்: "எத்தனை பேர் வருகிறார்கள் பார்!" ஆனால் ஓர் அறையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை வாசல் மட்டும் தீர்மானிப்பதில்லை. வரிசைக் கணக்கியலில் 'லிட்டில் விதி' என்று ஒன்று உண்டு. அமெரிக்கரான ஜான் லிட்டில் 1961-இல் அதை நிரூபித்தார். பெயருக்கேற்ற சின்னக் கணக்கு: மணிக்கு எத்தனை பேர் வருகிறார்களோ, அதை ஒருவர் சராசரியாகத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை வரும். மணிக்கு 60 பேர் வந்து ஆளுக்கு ஒரு மணி நேரம் இருந்தால் உள்ளே 60 பேர். அதே 60 பேர் ஆளுக்கு இரண்டு மணி நேரம் இருந்தால் 120 பேர். வாசலில் நிற்கிற காவலாளிக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. உள்ளே மட்டும் நாற்காலி கிடைக்காது.

பெருந்தொற்றுக் காலத்தில் நடந்தது இதுதான். 2020 மார்ச் 25 முதல் நின்றுபோன உள்நாட்டு விமானங்கள் மே 25-இல் மறுபடி கிளம்பியபோது, பயணிகள் இரண்டு மணி நேரம் முன்னதாகவே நிலையத்துக்கு வந்துவிட வேண்டும் என்று விதி வந்தது. வெப்பநிலை பார்க்க வேண்டும், கைப்பேசியில் தொற்றுத் தொடர்பைத் தடமறியும் அரசுச் செயலியைக் காட்ட வேண்டும், இடைவெளி விட்டு நிற்க வேண்டும். வெளிநாட்டுப் பயணம் என்றால் இன்னும் மோசம். 2021-இன் பின்பாதியில் தமிழ்நாட்டிலிருந்து துபாய்க்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும்: புறப்படும் விமான நிலையத்திலேயே, விமானம் கிளம்புவதற்கு 6 மணி நேரத்துக்குள், துரிதப் பிசிஆர் பரிசோதனை எடுத்தாக வேண்டும். 'நெகட்டிவ்' என்று தாள் கையில் வந்த பிறகு என்ன செய்வது? நேரம் நிறைய, பசி நிறைய. போகுமிடம் லவுஞ்ச். ஆக, கூட்டத்தைத் தவிர்க்கச் சொன்ன விதிகளே தங்கும் நேரத்தை நீட்டி, வேறோர் அறையில் கூட்டத்தை உண்டாக்கின.

இன்னொரு பக்கம், மூடிய லவுஞ்சுகள் ஒரே நாளில் திறக்கவில்லை. அமெரிக்காவில் இது கண்கூடாகத் தெரிந்தது. 2020 ஏப்ரல் 14 அன்று அந்த நாடு முழுவதும் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 87,500 பேர். 2021 ஜூன் 11-இல் அது 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பயணிகள் திரும்பிய வேகத்தில் லவுஞ்சுகளோ அவற்றின் ஊழியர்களோ திரும்பவில்லை. வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்கள் கூப்பிட்டதும் வந்துவிடுவார்களா? ஒரு நிலையத்தில் மூன்று லவுஞ்ச் வைத்திருந்த நிறுவனம் ஒன்றைத் திறந்துவைத்தால் மூன்றின் கூட்டமும் அந்த ஒன்றில்தான் விழும். நம் நாட்டுக் கணக்கும் அதே திசையில்தான் போனது. 2020 ஜூனில் உள்நாட்டு விமானங்களில் பறந்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். 2021 டிசம்பரில் 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல். இடையில் அரசு விமானச் சேவையைத்தான் எண்ணி எண்ணித் திறந்தது: முதலில் முந்தைய அளவில் 33 சதவீதம், பிறகு 45, 60, 70, 80, இரண்டாம் அலையில் மறுபடி 50, கடைசியில் 2021 அக்டோபர் 18 முதல் 100. அவ்வளவும் வானத்தில் பறக்கும் இருக்கைகளுக்குப் போட்ட கணக்கு. தரையில் தோசைக்கு நிற்கும் வரிசைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

விமானத்தைவிட லவுஞ்ச் ஏன் சிக்கல்?

"விமானத்துக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரப் போகிறோம், லவுஞ்சில் மட்டும் என்ன பயம்?" என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் காற்றில் இருக்கிறது.

விமானம் பறக்கும்போது அதன் உள்ளறைக் காற்று இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை முழுதாக மாறிவிடும். ஏறத்தாழப் பாதி வெளியிலிருந்து வரும் புதுக்காற்று. மீதி, 'ஹெப்பா' எனப்படும் வடிகட்டி வழியே சுற்றி வருவது. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தை அந்த வடிகட்டி பிடித்துவிடும். (இன்ஜின் அணைந்து, கதவு மூடி, ஓடுபாதைக்குப் போகாமல் நிற்கிற விமானத்துக்கு இதே உறுதியைச் சொல்ல முடியாது. அது தனிக் கதை.) லவுஞ்ச் சாதாரணக் குளிர்சாதன அறை. டெர்மினல் கட்டடத்தின் கூரை மூன்று மாடி உயரத்தில் இருக்கும். லவுஞ்ச் பெரும்பாலும் இடைமாடியில், தாழ்ந்த கூரையோடு, ஜன்னல் திறக்காத ஒரு மூலையில் இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை வெளியே விடுகிறார். நூறு பேர் இரண்டு மணி நேரம் விட்டால் அந்தக் காற்று எங்கே போகும்? வெளியே போக வழியில்லை என்றால் அடுத்தவர் நுரையீரலுக்குத்தான்.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் சீனத்தின் குவாங்சௌ நகரத்து உணவகம். 2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள். முதல் நாள்தான் வூகானிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் அங்கே மதிய உணவுக்கு உட்கார்ந்தது. இரண்டு பக்கத்து மேசைகளிலும் வேறு இரண்டு குடும்பங்கள். மேசைகளுக்கு இடையே ஒரு மீட்டர் அளவு இடைவெளி இருந்தது. ஒரு குடும்பத்தோடு ஒன்றாக இருந்த நேரம் 53 நிமிடம், இன்னொன்றோடு 73 நிமிடம். அந்த மூன்று மேசைகளில் 10 பேருக்குத் தொற்று. அதே தளத்தில் சாப்பிட்ட மற்ற 73 வாடிக்கையாளர்களுக்கும் 8 ஊழியர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரணம், அந்த மூன்று மேசைகளையும் ஒரே குளிர்சாதனப் பெட்டியின் காற்று சுற்றிச் சுற்றி அடித்தது. வெளியேற்றும் மின்விசிறிகள் ஓடவில்லை. பிறகு ஆராய்ந்தவர்கள் அளந்தபோது ஆளுக்கு விநாடிக்கு 1 லிட்டர் புதுக்காற்றுகூட அங்கே கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 10 லிட்டர்.

அந்த உணவகத்தில் யாரும் தவறு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். மாஸ்க் போடாதது குற்றமில்லை, சாப்பிட வந்தவர்கள் எப்படிப் போடுவார்கள்? ஒரு மீட்டர் இடைவெளியும் இருந்தது. தரையில் வட்டம் போட்டு ஆளை நிறுத்துகிற ஏற்பாடெல்லாம் இருமலில் தெறிக்கும் பெரிய துளிகளுக்குத்தான். பேசும்போது வெளிவந்து காற்றில் மிதக்கும் நுண்துளிகளுக்கு அந்த வட்டம் தெரியாது.

விமான நிலையத்துக்கு உள்ளேயே ஓர் உதாரணம் உண்டு. 2021 மே மாதம் சிங்கப்பூர் சாங்கி. மூன்றாம் முனையத்தில் வேலை செய்தவர்களிடம் தொடங்கிய தொற்று நூறு பேரைத் தாண்டியது. தெற்காசியாவிலிருந்து வந்து இறங்கிய ஒரு குடும்பத்துக்கு உதவிய துப்புரவுத் தொழிலாளி வழியாக அது பரவியிருக்கலாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். தொற்றிய ஊழியர்கள் பலர் சாப்பிடப் போனது முனையத்தின் இரண்டாம் அடித்தளத்தில் இருந்த உணவங்காடிக்கு. அங்கே பொதுமக்களும் வந்து சாப்பிட்டார்கள். மே 13 முதல் முதலாம், மூன்றாம் முனையங்களைப் பொதுமக்களுக்கு மூடினார்கள். ஒழுங்குக்குப் பெயர் போன ஊர், விதியை மதிக்கும் சனம். அங்கேயும் ஓட்டை விழுந்தது சாப்பாட்டு மேசையில்.

விதிக்குள்ளேயே இருந்த ஓட்டை

இப்போது சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் சிடிசி என்கிற நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆணை 2021 பிப்ரவரி தொடக்கத்தில் அமலுக்கு வந்தது. விமானம், ரயில், பேருந்து மட்டுமல்ல, விமான நிலையக் கட்டடத்துக்குள்ளும் மாஸ்க் கட்டாயம். லவுஞ்சும் அதில் அடக்கம். மீறினால் முதல் தடவை 250 டாலரிலிருந்து அபராதம். அதே ஆண்டு செப்டம்பரில் அதை இரட்டிப்பாக்கி, முதல் தடவைக்கு 500 முதல் 1,000 டாலர், மறுபடி செய்தால் 3,000 வரை என்று ஆக்கினார்கள். விதிவிலக்குகளில் ஒன்று: சாப்பிடும்போதும் குடிக்கும்போதும் மருந்து விழுங்கும்போதும், கொஞ்ச நேரத்துக்கு மட்டும், கழற்றிக்கொள்ளலாம்.

இந்த விலக்கு பேருந்துக்குச் சரி. விமானத்துக்கும் ஓரளவு சரி. அங்கே சாப்பாடு என்பது பயணத்தின் நடுவே வருகிற பதினைந்து நிமிடம். லவுஞ்சில் சாப்பாடுதான் வேலையே. அங்கே வருகிறவர் நாற்காலியில் உட்காரும்போதே கையில் தட்டு இருக்கும், தட்டு முடிந்தால் காபி, காபி முடிந்தால் பழரசம். அமெரிக்க லவுஞ்சுகளில் பெரும்பாலும் இலவச மதுவும் உண்டு. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே மாஸ்க்கை ஏற்ற வேண்டும் என்று அறிவிப்பில் இருந்தது உண்மைதான். ஒரு கிளாஸ் பீரை இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டிருப்பவரிடம் "உங்கள் அடுத்த வாய் எப்போது?" என்று யார் கேட்பது? விலக்கே அங்கே விதியாகிவிட்டது. நம் லவுஞ்ச் மனிதர் தூக்கிக் காட்டிய காபிக் கோப்பை, சட்டப்படி பார்த்தால், செல்லுபடியாகும் அனுமதிச் சீட்டு. அது காலியா என்று சோதிக்க எந்தச் சட்டமும் ஆள் போடவில்லை.

இந்தியாவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ 2021 மார்ச் 13 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை எழுத்தில் இதைவிடக் கறாரானது. நிலையத்துக்குள் நுழைவதிலிருந்து வெளியே போகும்வரை மாஸ்க் இருக்க வேண்டும், தவிர்க்க முடியாத காரணம் இல்லாமல் மூக்குக்குக் கீழே இறங்கக் கூடாது, வாசலில் நிற்கும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் மாஸ்க் இல்லாமல் யாரையும் உள்ளே விடக் கூடாது, எச்சரித்தும் கேட்காதவரைப் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கலாம், கிளம்பாத விமானத்திலிருந்து இறக்கிவிடலாம். அந்த மாதக் கடைசியிலேயே, காவல்துறையோடு சேர்ந்து அங்கேயே அபராதம் போடுவதைப் பற்றி யோசியுங்கள் என்று விமான நிலையங்களுக்கு இன்னொரு கடிதம்.

அந்தச் சுற்றறிக்கை பிறந்த கதையே சுவையானது. 2021 மார்ச் 5 அன்று டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி சி.ஹரி சங்கர் கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தார். சக பயணிகள் பலர் மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு பிடிவாதமாக இருந்ததைக் கண்டார். விமானப் பணியாளர்களிடம் கேட்டபோது, "எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, கேட்கவில்லை என்றால் எங்களால் என்ன செய்ய முடியும்?" என்கிற பாணியில் பதில் வந்தது. மூன்று நாள் கழித்து நீதிபதி தாமாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டார். நாட்டில் எத்தனையோ லட்சம் பேர் பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போன காட்சி, பார்த்தவர் நீதிபதி என்பதால் ஐந்தே நாளில் சுற்றறிக்கையானது. நல்லதுதான். ஆனால் அந்தப் பணியாளர்கள் சொன்ன பதிலில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

சொல்கிறவருக்கு என்ன அதிகாரம்?

விமானத்துக்குள் குறைந்தபட்சம் ஒரு கேப்டன் இருக்கிறார். விமானப் பணியாளரின் பேச்சைக் கேட்காமல் இடையூறு செய்வது பெரும்பாலான நாடுகளில் குற்றம். இந்தியாவில் 2017 முதல் அடங்காத பயணிகளுக்கான தடைப்பட்டியல் விதி இருக்கிறது. வாய்ச்சண்டைக்கு 3 மாதம் வரை, கைவைத்தால் 6 மாதம் வரை, உயிருக்கு ஆபத்தான செயலென்றால் 2 ஆண்டுக்குக் குறையாமல் பறக்கத் தடை. இத்தனை இருந்தும் என்ன ஆயிற்று என்பதற்கு அமெரிக்க விமானத்துறை நிர்வாகமான எஃப்ஏஏ வைத்திருக்கும் கணக்கே சாட்சி. 2021-இல் அடங்காத பயணிகள் பற்றி அதற்கு வந்த புகார்கள் 5,981. அதில் மாஸ்க் தகராறு மட்டும் 4,290. பத்துக்கு ஏழு. அதே ஆண்டு ஆகஸ்டில் எஃப்ஏஏ தலைவர் ஸ்டீவ் டிக்சன் விமான நிலையங்களுக்குக் கடிதம் எழுதி, கையில் எடுத்துப் போகும்படி மது விற்பதை நிறுத்தச் சொன்னார். பிரச்சினை விமானத்தில் வெடித்தாலும் திரி தரையிலேயே பற்றவைக்கப்படுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

லவுஞ்சில் கேப்டன் இல்லை. அங்கே வரவேற்பு மேசையில் நிற்பவரும் தட்டு எடுப்பவரும் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர்கள். விமான நிறுவனத்தின் தடைப்பட்டியலில் யாரையும் சேர்க்க அவர்களால் முடியாது. அபராதச் சீட்டு எழுத முடியாது. காவலரைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் அவர் வருவதற்குள் அந்தப் பயணி ஒரு வடையைக் கையில் எடுத்துக்கொள்வார், வழக்கு முடிந்தது. அதற்குப் பிறகு "உங்கள் ஊழியர் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டார்" என்று வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் போகும். வங்கி ஒப்பந்தக்காரரைக் கேட்கும், ஒப்பந்தக்காரர் மேற்பார்வையாளரைக் கேட்பார், கடைசியில் அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு மெமோ. தலைக்கு இவ்வளவு என்று பணம் வருகிற தொழிலில் தலையைப் பகைத்துக்கொள்ளச் சொல்லி யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. தவிர, அந்தப் பெண்தான் அந்த அறையிலேயே அதிக நேரம் இருக்கிறவர். பயணிக்கு இரண்டு மணி நேரம். அவருக்கு ஒரு ஷிஃப்ட் முழுக்க. மாஸ்க் போடாதவர்களால் மிக அதிக ஆபத்தில் இருப்பவரிடமே அவர்களைத் திருத்தும் வேலையையும் கொடுத்திருந்தோம்.

2022 ஜூன் 3 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் மறுபடி இதே விஷயத்தைக் கையில் எடுத்து, மீறுகிறவர்களைத் தடைப்பட்டியலில் சேர்க்கும் அளவுக்குக் கடுமை வேண்டும் என்றது. ஜூன் 8-இல் டிஜிசிஏயின் புதிய சுற்றறிக்கை வந்தது. விதியில் கடுமைக்குப் பஞ்சமில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் முகத்தைத்தான் எந்தச் சுற்றறிக்கையும் பார்க்கவில்லை.

எது வேலை செய்தது?

என் கணிப்பில், மூக்கை எண்ணுவதைவிட ஆளை எண்ணுவது எளிது, சண்டை வராதது. ஆளை எண்ணுவதைவிட நேரத்தை எண்ணுவது இன்னும் எளிது. லிட்டில் விதிப்படி தங்கும் நேரத்தைப் பாதியாக்கினால் கூட்டமும் பாதி, ஒருவரையும் "வராதே" என்று சொல்லாமலே. இதை லவுஞ்ச் நடத்துகிறவர்கள் அறியாமல் இல்லை. டெல்டா விமான நிறுவனம் 2022 ஜூன் 1 முதல், பயணம் தொடங்குகிறவர்களைப் புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரத்துக்கு முன்பாகத் தன் ஸ்கை கிளப் லவுஞ்சுகளுக்குள் விடுவதில்லை என்று விதித்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் சென்டூரியன் லவுஞ்சுகள் 2019-லேயே அதைச் செய்திருந்தன. வேடிக்கை என்னவென்றால், டெல்டாவின் விதி வந்தபோது மாஸ்க் கட்டாயமே போய்விட்டிருந்தது. 2022 ஏப்ரல் 18 அன்று புளோரிடாவில் ஒரு கூட்டாட்சி மாவட்ட நீதிபதியின் தீர்ப்பு சிடிசி ஆணையை அடித்துவிட்டது. ஆக, நோய் பரவிய நாட்களில் வராத நேரக் கட்டுப்பாடு, வாடிக்கையாளர் உட்கார இடமில்லை என்று முணுமுணுத்தபோது வந்தது.

பஃபேயை நிறுத்திவிட்டுப் பொட்டலமாகக் கொடுத்ததும் அப்போது நடந்தது. கரண்டியைத் தொட்டால் தொற்றும் என்கிற பயத்தில் அதைச் செய்தார்கள். கரண்டி அவ்வளவு குற்றவாளி இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் பொட்டலத்தில் வேறு நன்மை இருந்தது: வாங்கிக்கொண்டு வெளியே, கூரை உயரமான கூடத்தில், ஆளில்லாத வாயிலருகே போய்ச் சாப்பிடலாம். தொற்று அடங்குவதற்கு முன்பே பஃபே திரும்பிவிட்டது. தோசைக் கல் இல்லாத லவுஞ்சுக்கு நம் ஆட்கள் யார் வருவார்கள்?

காற்றைச் சரிசெய்வதுதான் யாரையும் அதட்டாமல் செய்யக்கூடிய வேலை, அதனாலேயே அதில் யாருக்கும் ஆர்வமில்லை. ஆறு இஞ்சு ஸ்டிக்கர் ஒட்டினால் புகைப்படம் எடுத்துப் போடலாம். குழாய்க்குள் வடிகட்டியை மாற்றினால் யார் கண்ணில் படும்? ஒரு கார்பன் டை ஆக்சைடு அளவி கைப்பேசியைவிடச் சின்னது. வெளிக்காற்றில் அது பத்து லட்சத்துக்கு 420 பங்கு என்பதை ஒட்டிக் காட்டும். அறைக்குள் 800-க்குள் இருந்தால் காற்றோட்டம் பரவாயில்லை என்று பொருள். லவுஞ்ச் வாசலில் "இன்று காலியிடம் இத்தனை" என்பதோடு அந்த எண்ணையும் எழுதி வைத்தால், உள்ளே போவதா வேண்டாமா என்று பயணியே முடிவு செய்துகொள்வார்.

இப்போது நிலவரம் என்ன? இந்தியாவில் 2022 நவம்பர் 16 அன்று விமானப் பயணத்தில் மாஸ்க் கட்டாயம் என்பதை நீக்கி, அணிவது நல்லது என்கிற அளவுக்கு அரசு இறங்கி வந்தது. மாஸ்க் போய்விட்டது, லவுஞ்ச் வரிசை மட்டும் தங்கிவிட்டது, இன்னும் நீளமாக. அமெரிக்காவில் 2025 பிப்ரவரி முதல் டெல்டா, அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 10 முறை, 15 முறை என்று வருகைக்கு எல்லை போட்டிருக்கிறது. அந்த அறைகளின் கூரையும் ஜன்னலும் அப்படியேதான் இருக்கின்றன. இன்னொரு தொற்று வந்தால் அதே அறைக்குத்தான் வரும்.

வந்தால், வாசகர் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. லவுஞ்ச் வாசலில் வரிசை வெளியே வந்துவிட்டதென்றால் உள்ளே காற்று எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டெர்மினலின் கடைசி வாயில்களுக்குப் பக்கத்தில் எப்போதும் காலி நாற்காலி கிடைக்கும், அங்கே கூரையும் உயரம். உள்ளே போயே ஆக வேண்டுமென்றால் சாப்பாட்டு வரிசைக்கு எதிர்க்கோடியில் இடம் பிடியுங்கள், பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு மாஸ்க்கை ஏற்றுங்கள், துணி மாஸ்க்கை வீட்டில் வைத்துவிட்டு என்-95 போட்டுப் போங்கள். தட்டு எடுக்க வருகிற பெண் தயங்கி நின்று "போட்டுக்கங்க சார்" என்று சொன்னால் கோப்பையைத் தூக்கிக் காட்டாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் அவர் கையில் எந்த அதிகாரமும் கிடையாது.